‘அந்தக் காலத்துப் பிள்ளைகள்’: கேள்வி பதில்

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: ஐரோப்பாவில் நடுக்காலம்வரை ‘குழந்தைப்பருவம்’ என்ற எண்ணமே கிடையாது என்று படித்தேன். நம் ஊரிலும் அப்படித்தானா?

பதில்: அது பிலிப் ஆரியெஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாளர் 1960இல் சொன்னது. பழைய ஓவியங்களில் பிள்ளைகள் குட்டிப் பெரியவர்களாகவே தெரிகிறார்கள் என்பது அவருடைய சான்றுகளில் ஒன்று. பிறகு வந்தவர்கள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். லிண்டா போலக் 1983இல் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டி, பிள்ளைக்காக உருகிய பெற்றோரை வரிசையாகக் காட்டினார்.

நம்மிடம் பிள்ளைத்தமிழே இருக்கிறது. காப்பில் தொடங்கிப் பத்துப் பருவம். தலையசைப்பது, கை கொட்டுவது, தத்தி வருவது என்று மாதக் கணக்காகப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். முதல் ஏழும் பொது. கடைசி மூன்றில்தான் ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பட்டினப்பாலையில் பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. ஆக, பிள்ளை வேறு, பெரியவர் வேறு என்பது நம்மவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று: பிள்ளைத்தமிழ் பாடியது கடவுளுக்கும் அரசனுக்கும். மாடு மேய்த்த பிள்ளைக்கு யாரும் பத்துப் பருவம் பாடவில்லை. ‘அந்தக் காலம்’ என்றால் யார் வீட்டு அந்தக் காலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி வாசகி: பத்துப் பெற்றால் ஐந்து சாகும் காலம். அதனால் தாய்மார் அவ்வளவாக ஒட்டுதல் வைத்திருக்க மாட்டார்கள் என்கிறார்களே, ஐயா?

பதில்: குப்பம்மாள், குப்பன், பிச்சை என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன, அம்மா? மூத்தது தங்கவில்லை என்றால் அடுத்ததைக் குப்பையில் உருட்டி எடுத்து அந்தப் பெயரையே வைத்தார்கள். எமன்கூடச் சீந்தக் கூடாது என்று. தவிட்டுக்கு விற்றதாகப் பேர் பண்ணித் திரும்ப வாங்கினார்கள். ஒட்டுதல் இல்லாதவர்கள் இவ்வளவு மெனக்கெடுவார்களா?

சேலம்: செல்போன் வந்துதானே குழந்தைப்பருவம் அழிந்தது?

பதில்: இல்லை. அடுத்தது.

சென்னை: என் மகனுக்கு ஏழு வயது, சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறான்.

பதில்: குழந்தை மருத்துவரைப் பாருங்கள். நான் சமூகவியல்காரன்.

கோயம்புத்தூர்: அந்தக் காலத்தில் பிள்ளைகள் அப்பாவோடு இருந்தே தொழில் கற்றார்கள். என் தாத்தா எட்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். அதைப் போய்க் குழந்தைத் தொழில் என்பது சரியா, சார்?

பதில்: நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியிருக்கிறேன். கதை பேசிக்கொண்டே ஒட்டுவோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. கை நின்றால் காசும் நிற்கும். அப்பா கையில் தொழில் கற்பதும் கூலிக்கு ஓடுவதும் ஒரே திண்ணையில்தான் நடந்தன. எது எங்கே முடிகிறது என்று கோடு போடுவது கஷ்டம். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தமும் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மதுரை ஆசிரியை (குறுக்கிட்டு): அப்படியானால் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தையும் இதே தராசில் வைப்பீர்களா? பள்ளிக்கூடம் போதவில்லை, நேரத்தைப் பிரித்தால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பதுதானே கணக்கு?

பதில்: கணக்கு அதுதான், ஒத்துக்கொள்கிறேன். தினம் மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். சிக்கலே அந்த மிச்ச நேரத்தில்தான். வக்கீல் மகன் மத்தியானம் புத்தகம் எடுப்பான். துணி வெளுப்பவர் மகன் துறைக்குப் போவான். ‘குலக்கல்வி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். 1954இல் காமராஜர் வந்ததும் திட்டம் போனது. 1956இல் மதிய உணவு வந்தது. பிள்ளையின் கூலி இல்லாவிட்டாலும் வயிறு நிறைய வழி செய்தால்தான் பள்ளிக்கு வரும் என்று புரிந்துகொண்ட வேலை அது.

மதுரை ஆசிரியை: வெள்ளைக்காரன் வருமுன் ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளி இருந்ததே!

பதில்: இருந்தது. மதராஸ் கவர்னர் மன்றோ எடுத்த கணக்கு 1826இல் முடிந்தபோது மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள். பெருமையாகச் சொல்லலாம். அதே கணக்கில் ஜனத்தொகையில் 67 பேருக்கு ஒருவர்தான் மாணவர் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒருவர் யார் வீட்டுப் பிள்ளை? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஈரோடு: குழந்தை என்பது 14 வயதுவரையா, 18வரையா?

பதில்: தொழில் சட்டத்துக்கு 14. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கு 18. பெண்ணின் கல்யாண வயது 1929 சாரதா சட்டத்தில் 14, இன்றைக்கு 18. வயதை இயற்கை வைக்கவில்லை, நாம் வைத்தது.

திருநெல்வேலி: செல்போனால்...

பதில்: மேலே பாருங்கள்.

கோயம்புத்தூர்: என் தாத்தா கடைசிவரை தறியைக் குறை சொன்னதே இல்லை, சார்.

பதில்: சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தங்கைகள் உண்டா? எட்டு வயதில் அவர்கள் நூல் சுற்றினார்களா, தம்பியை இடுப்பில் தூக்கினார்களா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம்.