ஐபோனா ஆண்ட்ராய்டா? பிரவுசர், ஓஎஸ், ஸ்டோரேஜ் பத்தி நீங்க கேட்டது

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே மாதிரி, ரெண்டு போன் பேரைப் போட்டு எதை வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. பேரை வெச்சு சொல்றதைவிட நான் போன் பாக்கும்போது போடற கணக்கைச் சொல்லிடறேன். பிரவுசரை வாங்கின பிறகும் எப்ப வேணா மாத்திக்கலாம். ஓஎஸ்ஸை, அதாவது போனையே ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேரை, கம்பெனி அப்டேட் குடுக்கற வரைக்கும் நம்பலாம். உள்ள இருக்கற ஸ்டோரேஜை மட்டும் கடைசி வரைக்கும் தொட முடியாது, அது போர்டோட ஒட்டி வர்றது. அப்ப எதுக்கு ரொம்ப யோசிக்கணும்னு நீங்களே பாத்துக்குங்க.

கேள்வி: ஐபோனுக்கு மாறப் போறேன் சார். சஃபாரி பிடிக்கல, க்ரோம் போட்டுக்கிட்டா ஆண்ட்ராய்டுல பாத்த அதே க்ரோம்தானே?

பேரும் ஐகானும்தான் அதே, உள்ள ஓடற இன்ஜின் வேற. ஐபோன்ல எந்த பிரவுசர் போட்டாலும் பக்கத்தை வரையறது ஆப்பிளோட வெப்கிட் இன்ஜின்தான், க்ரோமா இருந்தாலும் சரி ஃபயர்ஃபாக்ஸா இருந்தாலும் சரி. 2024 மார்ச்சுல ஐபோனோட ஓஎஸ்ஸான ஐஓஎஸ் 17.4 வந்தப்ப ஐரோப்பிய யூனியன்ல வேற இன்ஜினுக்கு கதவைத் திறந்தாங்க, அது அங்க சட்டம் வந்ததால. ஆண்ட்ராய்டுல க்ரோம் ஓடறது பிளிங்க்ங்கற இன்ஜின்ல, ஃபயர்ஃபாக்ஸ் ஓடறது கெக்கோங்கற இன்ஜின்ல. இந்த பிளிங்க் 2013ல வெப்கிட்லேருந்து தனியா பிரிஞ்சு வந்ததுதான், ஒரே வீட்டுப் பங்காளிங்க, அதனாலதான் முக்காவாசி சைட் ரெண்டுலயும் ஒரே மாதிரி தெரியுது.

அப்ப ஐபோன்ல க்ரோம் போடறது வேஸ்ட்டான்னா, இல்ல. உங்க புக்மார்க், பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர்ல திறந்து வெச்ச டேப் எல்லாம் கூடவே வந்துடும், 2020ல ஐஓஎஸ் 14லேருந்து அதையே டீஃபால்ட்டாவும் வெச்சுக்கலாம். ஆனா ஒரு சைட் சஃபாரில சரியா வரலைன்னா க்ரோம்லயும் பெரும்பாலும் வராது, அங்க பிரவுசரை மாத்தி மாத்தி நேரத்தை வீணாக்காதீங்க.

எக்ஸ்டென்ஷன், அதாவது விளம்பரத்தைத் தடுக்கற மாதிரி வேலைக்கு பிரவுசரோட சேத்துக்கற குட்டி புரோகிராம், வேணும்ங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஆண்ட்ராய்டு போன்ல இருக்கற க்ரோம்ல எக்ஸ்டென்ஷன் கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்ல 2023 டிசம்பர்லேருந்து நூத்துக்கணக்குல போடலாம். ஐபோன் சஃபாரில 2021லேயே, ஐஓஎஸ் 15ல வந்தாச்சு. விளம்பரத் தொல்லை தாங்கலைன்னு எழுதினவங்க ரெண்டு பேரும் ஆண்ட்ராய்டுதான் வெச்சிருக்கீங்க, ஃபயர்ஃபாக்ஸ் போட்டுப் பாருங்க.

கேள்வி: இன்காக்னிடோல பாத்தா யாருக்கும் தெரியாதுதானே? இதுல எந்த போன் பெட்டர்?

ரெண்டுமே ஒண்ணுதான். உங்க போன்ல ஹிஸ்டரி நிக்காது, அவ்வளவுதான். நெட் குடுக்கற கம்பெனிக்கும் நீங்க போன சைட்டுக்கும் ஆபீஸ் வைஃபைக்கும் தெரியறது தெரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, என் ஆண்ட்ராய்டு போனுக்கு அப்டேட் நின்னு ரெண்டு வருஷமாச்சு. ஆனா க்ரோம் மட்டும் அப்டேட் ஆகிட்டே இருக்கு. பேங்க் வேலை பண்ணலாமா?

நல்லா கவனிச்சிருக்கீங்க தம்பி, இங்கதான் ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசமே. ஐபோன்ல சஃபாரி ஓஎஸ்ஸோட சேர்ந்து வர்றது, ஐஓஎஸ் அப்டேட் நின்னா பிரவுசரும் அங்கயே நின்னுடும். ஆண்ட்ராய்டுல க்ரோமும், ஆப்புக்குள்ள வெப் பக்கம் காட்டற வெப்வியூவும் பிளே ஸ்டோர் வழியா தனியா வரும், 2014ல ஆண்ட்ராய்டு 5லேருந்து இப்படித்தான். அதனால பழைய ஆண்ட்ராய்டு இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும்.

ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஆண்ட்ராய்டு 7 வெச்சிருக்கறவங்களுக்கு 2023ல க்ரோம் 119ஓட நின்னு போச்சு, ஆண்ட்ராய்டு 8, 9 வெச்சிருக்கறவங்களுக்கு 2025ல 138ஓட. அது போக, பிரவுசர் புதுசா இருந்தாலும் அதுக்குக் கீழ இருக்கற கெர்னல்ங்கற ஓஎஸ்ஸோட அடித்தளம், ப்ளூடூத், வைஃபை டிரைவர் இதுல இருக்கற ஓட்டையை பிரவுசரால அடைக்க முடியாது. வாசக்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுட்டு கொல்லைக்கதவைத் திறந்து விட்ட மாதிரிதான். செட்டிங்ஸ்ல போனைப் பத்திங்கற இடத்துல செக்யூரிட்டி அப்டேட்னு ஒரு தேதி இருக்கும், அதைத் திறந்து பாருங்க, அது வருஷக்கணக்குல பின்னாடி நின்னா பேங்க் ஆப்பை அதுலேருந்து எடுத்துடுங்க. பாட்டு கேக்க, படிக்க வெச்சுக்கலாம், பணம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: எந்த போனுக்கு நிறைய வருஷம் அப்டேட் வரும்?

கூகுள் பிக்சல் 8க்கு 2023ல 7 வருஷம்னு சொன்னாங்க, அடுத்த வருஷமே சாம்சங்கும் கேலக்சி எஸ்24க்கு அதே 7 சொன்னாங்க. ஆப்பிள் முன்கூட்டி பெருசா சொல்றதில்ல ஆனா செஞ்சு காட்டியிருக்காங்க, 2018ல வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024ல ஐஓஎஸ் 18 வந்துச்சு. இந்த வருஷக்கணக்கு போன் முதல்ல விற்பனைக்கு வந்த நாள்லேருந்து, நீங்க வாங்கின நாள்லேருந்து இல்ல. ஆஃபர்ல மூணு வருஷம் பழைய மாடல் வாங்கறவங்க அந்த மூணு வருஷத்தை வாங்கும்போதே கழிச்சுக்கணும். விலை குறைஞ்ச மாடல்களுக்கு அதே கம்பெனியே கம்மியாத்தான் குடுக்கும், அதனால பிராண்டைப் பாக்காம மாடலைப் பாருங்க.

கேள்வி: 128 ஜிபின்னு வாங்கினேன், கம்ப்யூட்டர்ல மாட்டினா 119ன்னு காட்டுது, அதுலயும் பாதி காணோம். ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024ஆ எண்ணுது, 128 அங்க 119 ஆயிடுது. மிச்சம் ஓஎஸ்ஸும் கூட வந்த ஆப்பும் எடுத்துக்கிட்டது.

கேள்வி: ஒரு போன்ல 128 ஜிபி, மெமரி கார்டு போடலாம். இன்னொண்ணுல 256, கார்டு கிடையாது. முதல்ல இருக்கறதுல ஒரு டிபி கார்டு போட்டுக்கிட்டா அதானே லாபம்?

இதுக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதுல நானே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

முதல்ல வேகம். போன்ல போடற மைக்ரோ எஸ்டி கார்டு பெரும்பாலும் யூஹெச்எஸ் 1 வகை, அதோட உச்சமே நொடிக்கு 104 எம்பி. உள்ள இருக்கற ஸ்டோரேஜ் யூஎஃப்எஸ் 3.1ங்கற வகையா இருந்தா படிக்கறப்ப நொடிக்கு 2000 எம்பி பக்கம் போகும். அதனால கார்டு போட்டோ, வீடியோ, பாட்டு வெக்கற அலமாரிதான், ஆப் அங்க நல்லா ஓடாது. உங்க 128ல ஆப்பே 90 ஜிபி தின்னுடுச்சுன்னா ஒரு டிபி கார்டு வெளிய சும்மா உக்காந்திருக்கும்.

அடுத்தது உங்க பழக்கம். வீடியோ எடுப்பீங்களா? ஐபோன் கேமரா செட்டிங்ஸ்லயே எழுதியிருக்கும் பாருங்க, 1080ல 30 ஃபிரேம்னா நிமிஷத்துக்கு 60 எம்பி, 4கே 30ன்னா 170 எம்பி, 4கே 60ன்னா 400 எம்பி. கடைசி கணக்குல ஒரு மணி நேர விழா எடுத்தா 24 ஜிபி காலி. வீடியோ எடுக்கறவங்களுக்கு 256 இல்லாம நான் சொல்லவே மாட்டேன், எடுக்காம சாட்டும் படிப்பும்தான்னா 128 தாராளம்.

இப்ப என் கதை. 512 ஜிபின்னு போட்ட ஒரு கார்டு வாங்கினேன், அட்டை, லோகோ எல்லாம் அச்சு அசல். போன்லயும் 512ன்னுதான் காட்டுச்சு. ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்ல. அப்புறம் ஒரு நாள் கேலரியைத் திறந்தா புதுசா எடுத்த படமெல்லாம் சாம்பல் கலர் கட்டமா நிக்குது, பேர் இருக்கு, தேதி இருக்கு, சைஸ் கூட இருக்கு, தொட்டா திறக்கல. உள்ள இருந்த சிப் 32 ஜிபிதான், கார்டு போன்கிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, 32 நிறைஞ்ச பிறகு எழுதினதெல்லாம் எங்கயும் போகவே இல்ல. அண்ணன் பொண்ணோட முதல் நடை அதுலதான் இருந்துச்சு, இன்னிக்கும் அதை நினைச்சா மனசு ஆறல. அதுக்கப்புறம் எந்த கார்டு வாங்கினாலும் முதல் வேலையா கம்ப்யூட்டர்ல மாட்டி ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கற புரோகிராமைப் போட்டு கார்டு முழுக்க எழுதி திரும்பப் படிக்க விட்டுடுவேன், மணிக்கணக்கா ஓடும், ஓடட்டும்.

கார்டுக்கு ஒரு நல்லதும் இருக்கு. போன் போர்டு செத்தாலும் கார்டைக் கழட்டி வேற போன்ல போட்டு படத்தைப் பாத்துக்கலாம். ஆனா கார்டு போட்டவுடனே ஆண்ட்ராய்டு சிலதுல உள் ஸ்டோரேஜா பயன்படுத்தவான்னு கேக்கும், சரின்னு தொட்டுட்டா அந்த போனோட சாவியை வெச்சு கார்டைப் பூட்டிடும், வேற எங்க போட்டாலும் படிக்காது.

முடிவா கேட்டா நான் 256தான் எடுப்பேன். கார்டு போடற இடமே குறைஞ்சுக்கிட்டு வருது, சாம்சங் 2021ல எஸ்21லேயே எடுத்துட்டாங்க, ஐபோன்ல எப்பவுமே இருந்ததில்ல. நிறைஞ்சு வழியற ஸ்டோரேஜ் போனையே மெதுவாக்கும், காலி இடம் இல்லாம பழசை ஒதுக்கி ஒதுக்கித்தான் புதுசை எழுதணும். பத்துல ஒரு பங்காவது எப்பவும் காலியா விடுங்க.

கேள்வி: ரெண்டு போனும் 128தான், ரேமும் ஒண்ணுதான். ஒண்ணு மட்டும் ஏன் அடிக்கடி திக்குது?

ஸ்டோரேஜ் வகையைப் பாருங்க. விலை குறைஞ்சதுல இஎம்எம்சிங்கற வகை இருக்கும், அதால ஒரு நேரத்துல படிக்கவோ எழுதவோ ஏதாவது ஒண்ணுதான் முடியும். யூஎஃப்எஸ் ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யும். ஐபோன்ல 2015ல வந்த 6எஸ்லேருந்து என்விஎம்இங்கற இன்னொரு வேகமான வகை. பின்னாடி நாலு ஆப் அப்டேட் ஆகும்போது கீபோர்டு மேல வரவே ரெண்டு நொடி எடுக்குதா, அங்க ஸ்டோரேஜ்தான் மூச்சு வாங்குது. அட்டையில 128ன்னு மட்டும்தான் போடுவாங்க, வகையை ஸ்பெக் பக்கத்துல தேடித்தான் பாக்கணும்.

கேள்வி: ஒரு சைட்ல லாகின் இல்லாம குறிப்பு எழுதி வெச்சிருந்தேன். ஆண்ட்ராய்டுல மாசக்கணக்கா இருந்துச்சு, ஐபோன் வாங்கினப்புறம் சஃபாரில எழுதினது எல்லாம் போச்சு. போன் கோளாறா?

கோளாறு இல்லங்க, அது சஃபாரியோட விதி, 2020லேருந்து இருக்கு. நீங்க சஃபாரி பயன்படுத்தற நாள் கணக்குல 7 நாள் ஒரு சைட்டைத் தொடவே இல்லைன்னா அந்த சைட் உங்க போன்ல சேத்து வெச்சதை அழிச்சுடும். நம்மளைப் பின்தொடர்ற விளம்பரக்காரங்களைத் தடுக்கக் கொண்டு வந்தது, அதுல உங்க குறிப்பும் மாட்டிக்கிச்சு. போனதை மீட்க வழி இல்ல. இனிமே அந்த சைட்டை ஷேர் பட்டன்ல போய் ஹோம் ஸ்க்ரீன்ல சேத்துட்டு அங்கேருந்து திறங்க, அப்படிச் சேத்ததுக்கு இந்த 7 நாள் விதி கிடையாது. பழைய ஆண்ட்ராய்டு போன் இன்னும் கையில இருந்தா அதுல அந்த சைட்டைத் திறந்து பாருங்க, அங்க எழுதினது அங்கயே இருக்கும், ஹிஸ்டரி கிளியர் பண்றதுக்கு முன்னாடி வேற எங்கயாவது காப்பி எடுத்துடுங்க.