ரிவர்சைடில் ஆரஞ்சு எங்கே? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலை மாற்றலாகி கலிஃபோர்னியாவின் ரிவர்சைடுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஊரெங்கும் ஆரஞ்சுப் படம்தான். தெருப்பெயர்கூட ஆரஞ்சு தெரு, லெமன் தெரு, லைம் தெரு. ஆனால் அலுவலகம் போய்வரும் வழியில் கண்ணில் படுவதெல்லாம் சரக்குக் கிடங்குகளும் ஒரே அச்சில் வார்த்த வீடுகளும்தான். பழத்தால் பிறந்த ஊர் பழத்தை இப்படிக் கைகழுவிவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. உங்கள் அமெரிக்கப் பயணக் குறிப்பில் இதை ‘ஒருநாள் தங்கிப் பார்க்கவேண்டிய ஊர்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எதைப் பார்க்க?

சின்ன சந்தேகம் ஒன்றும் உண்டு. எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை செழித்து நிற்கிறது. சான் டியாகோவில் இருக்கும் அக்காவுக்கு ஒரு கன்று கொண்டுபோகலாமென்றால் கூடாது என்கிறார்கள். ஆரஞ்சுக்கு ஏதோ நோயாம். அதற்கும் கறிவேப்பிலைக்கும் என்ன சம்பந்தம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த ஊர் பழத்தால் பிறந்ததல்ல. மனை விற்கப் பிறந்தது.

1870இல் ஜான் நார்த் என்பவரின் குடியேற்றச் சங்கம் அந்த இடத்தை வாங்கியது, அங்கே பட்டு வளர்க்கக் கிளம்பி நொடித்துப்போன இன்னொரு சங்கத்திடமிருந்து. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, நிலத்தைத் துண்டு போட்டு, கிழக்கே இருந்து வருபவர்களுக்கு விற்பதுதான் திட்டம். என்ன பயிரிடுவது என்பதில் யாருக்கும் பிடிவாதம் இல்லை. உலர் திராட்சை போட்டுப் பார்த்தார்கள். அப்புறம்தான் ஆரஞ்சு.

எலைசா டிபெட்ஸ் கதையை இதற்குள் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 1873இல் வாஷிங்டனிலிருந்த அரசு வேளாண் துறை, பிரேசிலின் பாஹியாவிலிருந்து வந்த ஒரு ரகத்தின் கன்றுகளை அவருக்கு அனுப்பியது. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தார் என்பது ஊர்க்கதை. அதுதான் நேவல் ஆரஞ்சு. விதை கிடையாது, குளிர்காலத்தில் பழுக்கும், தோல் தடிப்பு, ரயிலில் நாடு கடந்து போனாலும் கெடாது. விதை இல்லாததால் மொட்டெடுத்து ஒட்டுக்கட்டித்தான் பெருக்க முடியும். கலிஃபோர்னியாவின் நேவல் தோப்புகள் அந்த ஒன்றிரண்டு மரங்களின் கிளைகளிலிருந்தே பெருகின என்று சொல்லலாம். எலைசாவின் கணவர் லூதர் ஓயாமல் வழக்காடி, நிலம் கைவிட்டுப்போய், 1902இல் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தர்ம மருத்துவமனையில் செத்தார். ஊருக்கு மரம் கொடுத்த குடும்பத்தின் கதி அது. ஊர்ப் பிரசுரங்கள் இந்தப் பகுதியைப் பெரிதாகப் போடுவதில்லை.

ஆனால் மரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வாய்க்கால். மாத்யூ கேஜ் என்ற நகைக்கடைக்காரர் 1880களில் சாண்டா அனா ஆற்றுப் படுகையிலிருந்து சுமார் 20 மைல் நீளத்துக்கு ஒன்று வெட்டினார். அது வந்த பிறகுதான் ஆர்லிங்டன் ஹைட்ஸ் மேட்டில் தோப்பு. கேஜுக்குக் கடன் கழுத்தை நெரிக்க, லண்டன் முதலீட்டாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். பனைகள் நிற்கும் விக்டோரியா அவென்யூ அவர்கள் காலத்தில் போட்ட சாலை. மனை வாங்க வருபவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டுமே!

அதனால், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தோப்பைவிட வீட்டுக்கு விலை அதிகம் என்று ஆனபோது தோப்புகள் விழுந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 1950இல் மக்கள்தொகை சுமார் 47 ஆயிரம், 1970இல் 1.4 லட்சம், 2020இல் 3.15 லட்சம். கணக்கு மாறவில்லை, பயிர்தான் மாறியது. ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. 1979இல் அந்த ஊர்க்காரர்களே வாக்களித்து, ஆர்லிங்டன் ஹைட்ஸில் 5 ஏக்கருக்குக் குறைவாக நிலத்தைத் துண்டு போடக்கூடாது என்று சட்டமாக்கினார்கள். 1987இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதை இறுக்கினார்கள். நீங்கள் போகும் வழியில் தோப்பு இல்லைதான். தெற்கே நாலைந்து சாலை தள்ளி வண்டியைத் திருப்பினால் இருக்கிறது. மாநில அரசின் ஆரஞ்சுப் பூங்காவும் அங்கேதான்.

எதைப் பார்க்க என்று கேட்டீர்கள். லெமன் தெருவில் ஒரு வீடு. ஜுகிச்சி ஹராடா உணவகம் நடத்தியவர். ஜப்பானியக் குடியேறிகள் நிலம் வாங்கக்கூடாது என்று 1913இல் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. 1915இல் அவர் அந்த வீட்டை அமெரிக்காவில் பிறந்த தன் மூன்று பிள்ளைகளின் பேரில் வாங்கினார். அண்டை வீட்டார் கமிட்டி கூட்டினார்கள், மாநிலமே வழக்குப் போட்டது, 1918இல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது. 1942இல், போர்க்காலத்தில், ஜப்பானியரையெல்லாம் தடுப்பு முகாமுக்கு அனுப்பியபோது ஹராடாவும் மனைவியும் போனார்கள். இருவரும் முகாமிலேயே இறந்தார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஆன் சாங்-ஹோவின் சிலை. கொரிய விடுதலைப் போராட்டத்தின் பெரிய தலைவர்களில் ஒருவர். 1904இல் இங்கே வந்து ஆரஞ்சு பறித்தார். ரயில் பாதையோரம் பச்சாப்பா முகாம் என்று கொரியத் தொழிலாளர் குடியிருப்பை உருவாக்கினார். ஒரு பழம் பறிப்பதானாலும் பழுதில்லாமல் பறி, அதுவும் நாட்டுக்குச் செய்வதுதான் என்பது அவர் தொழிலாளர்களுக்குச் சொன்னது. 1913 ஜனவரி உறைபனியில் தோப்புகள் கருகின, வேலை போய் முகாமும் மெல்லக் கலைந்தது. பறித்த கைகள் சீனர், ஜப்பானியர், கொரியர், மெக்சிகர் என்று மாறிக்கொண்டே இருந்தன. பழப்பெட்டியில் ஒட்டிய அழகான லேபிள்களில் இவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

இனி கறிவேப்பிலை. அதுவும் எலுமிச்சை, நாரத்தை குடும்பம்தான். வில்வமும் அதே குடும்பம். ஆரஞ்சைக் கொல்லும் ஹுவாங்லாங்பிங் நோயைப் பரப்பும் பூச்சி எள்ளளவுதான் இருக்கும். இளந்தளிரில் தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும். குஞ்சுகள் வெள்ளை மெழுகுநூல் மாதிரி சுருள்சுருளாகக் கழிக்கும். கறிவேப்பிலைத் துளிர் என்றால் அந்தப் பூச்சிக்கு உயிர். நோய் வந்த மரத்தில் பழம் ஒருபக்கம் கோணி, அடிப்பக்கம் பச்சையாகவே நின்று, கசக்கும். மருந்து இல்லை. சில வருடங்களில் மரம் போய்விடும். 2017இல் ரிவர்சைடிலேயே அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மக்னோலியா, ஆர்லிங்டன் சாலைகள் சந்திக்கும் மூலையில் வேலிக்குள் இன்னும் நிற்கும் எலைசாவின் மரத்துக்கு வலைக்கூடாரம் போட்டிருப்பது இதனால்தான். 1918இல் வேரழுகல் கண்டபோது சுற்றிலும் இளங்கன்றுகளை நட்டு அடிமரத்தோடு ஒட்டவைத்து அதைப் பிழைக்கவைத்தார்கள். இதே ஊரில் 1907இல் ஓர் ஆரஞ்சு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்களே, அது பிறகு இடம் மாறிப்போய் அமைந்த இடத்தில்தான் 1954இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ரகங்களை வளர்த்துக்கொண்டு இந்த நோய்க்கு மாற்று தேடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். ஊரில் ஆரஞ்சு எங்கே என்ற கேள்விக்கு என் முதல் பதில் அந்த வளாகம்.

கன்றோடு பூச்சியும் பயணம் போய்விடும், ஆகவே எடுத்துப் போகாதீர்கள். இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போவதும் வேண்டாம், கொல்லையில் காய்த்த பழமும் அப்படித்தான். உங்கள் அடுப்படிக்குள் தாளித்துக்கொள்ளுங்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அக்கா அவர் ஊரில் உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்கிக்கொள்ளட்டும். உங்கள் செடியின் துளிரைத் திருப்பிப் பாருங்கள். மெழுகுநூல் தெரிந்தால் கவுண்டி வேளாண் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். வந்து பார்ப்பார்கள்.