உலகத் தொடர்பே இல்லாமல் ஒரு குடும்பம் காட்டில் பல பத்தாண்டுகள் வாழ முடியுமா?

முடிந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. ரஷ்யாவின் லிக்கோவ் குடும்பம்தான் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது.

கார்ப் லிக்கோவ் 'பழைய நம்பிக்கையாளர்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1936-ல் சோவியத் காவல்படையினர் அவருடைய சகோதரரைச் சுட்டுக் கொன்றார்கள். மனைவி அக்குலினாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சைபீரியக் காட்டுக்குள் போனவர்தான், திரும்பவே இல்லை. அங்கே இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். பக்கத்து ஊர் சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி. 1978-ல் நிலவியலாளர்கள் கண்டுபிடிக்கும்வரை இரண்டாம் உலகப்போர் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது.

உருளைக்கிழங்கு, ரை (rye) என்ற தானியம், பைன் கொட்டை, இவைதான் முக்கியச் சாப்பாடு. உப்பு கிடையாது. சணலை நூற்று நெய்த துணி. கொண்டுபோன இரும்புப் பாத்திரங்கள் துருப்பிடித்துப் போன பிறகு மரப்பட்டையில் பாத்திரம் செய்தார்கள். அதை அடுப்பில் வைக்க முடியாதே! பஞ்சம் வந்தபோது தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு 1961-ல் அக்குலினா பட்டினியால் இறந்தார். ரை தானியத்தில் ஒரே ஒரு முளை மிஞ்சியது. எலியும் அணிலும் தின்றுவிடாமல் இரவும் பகலும் காவல் காத்தார்கள். அதில் கிடைத்த 18 மணிகளிலிருந்துதான் மறுபடியும் பயிர் பெருகியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

1981-ல் பிள்ளைகளில் மூவர் அடுத்தடுத்து இறந்தார்கள். 1988-ல் கார்ப்பும் போனார். கடைசி மகள் அகாஃபியா மட்டும் அந்தக் காட்டை விட்டு வர மறுத்து, அங்கேயே தங்கிவிட்டார்.