புதர் மண்டிய அலாட்மென்ட் கிடைத்திருக்கிறது, தோட்ட அனுபவம் கிடையாது. ரொட்டவேட்டர் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாமா?

வேண்டாம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் எங்கள் நிலைமைதான் உங்களுக்கும் என்று தோன்றுகிறது. இரண்டு பேருக்கும் வேலை, சனி ஞாயிறு மட்டும்தான் கையில். வருடக்கணக்கில் காத்திருந்து சாவி வாங்கியிருப்பீர்கள். கேட்டைத் திறந்தால் இடுப்பளவு புல் நிற்கும். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரும் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும், உடனே எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

பிரிட்டனுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: அலாட்மென்ட் என்பது காய்கறி போட்டுக்கொள்ள கவுன்சில் வருட வாடகைக்குத் தரும் துண்டு நிலம். 1908-இல் வந்த சட்டம் இதற்கு அடிப்படை. முழு நிலம் என்றால் பழைய அளவில் 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்டுக்குக் கொஞ்சம் மேல். ஊரில் ஆறு சென்ட் என்றால் வீட்டு மனை. அதையே கையால் களையெடுத்துப் பாருங்கள், ஆறு ஏக்கராகத் தெரியும்.

நாங்கள் மூன்று வருடம் காத்திருந்தோம். மார்ச் மாதம் சாவி வந்தது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை ரொட்டவேட்டர் எடுத்துவந்து நானும் என் கணவரும் மாறி மாறிப் பிடித்து, இருட்டுவதற்குள் முழுதையும் உழுதுவிட்டோம். புட்டு மாவு மாதிரி மண். போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் நிலம் முழுக்கப் பச்சை. முன்பு திட்டுத் திட்டாக இருந்தது இப்போது ஒரு இடம் விடாமல் முளைத்திருந்தது.

காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இங்கே கௌச் என்று ஒரு புல் உண்டு, நம் அறுகம்புல் மாதிரி மண்ணுக்குள்ளேயே தண்டு ஓட்டிப் பரவும். பைண்ட்வீட் என்று வெள்ளைப் பூ பூக்கும் கொடி ஒன்று, அதன் வேர் சேமியா மாதிரி வெள்ளையாக, தொட்டாலே படக்கென்று ஒடியும். ஒடிந்த ஒவ்வொரு துண்டும் தனிச் செடி. ரொட்டவேட்டரின் கத்தி இந்த வேர்களை நூறு துண்டாக நறுக்கி நிலம் பூராவும் சீராகப் பரப்பிவிடுகிறது. கல்யாணத்தில் ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறார்களே, அந்த வாழ்த்தில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதைப் படித்துவிட்டு ‘நான் ரொட்டவேட்டர்தான் போட்டேன், நன்றாகவே வந்தது’ என்று சிலர் கருத்து எழுதுவார்கள். வந்திருக்கலாம். வெறும் ஒருவருடக் களை முளைத்த, ஏற்கெனவே பயிர் வைத்த நிலமாக இருந்திருக்கும். நான் பேசுவது வருடக்கணக்கில் விட்டுப்போன நிலத்தைப் பற்றி. மருந்து அடித்தால் என்ன என்றும் கேட்பார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பச்சை இலை வழியாகத்தான் வேருக்குப் போகும், உழுதுபோட்ட வெறும் மண்ணில் அடித்துப் பயனில்லை. உங்கள் இடத்தின் விதிமுறை அனுமதிக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

அந்த மே மாதம் என் மாமியார் ஊரிலிருந்து வந்தார். கொங்குப் பக்கத்துக்காரர். பதினைந்து வயதிலிருந்து களையெடுத்த கை. நிலத்தைக் காட்டினோம். ஒன்றும் சொல்லாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலை மண்ணுக்குள் விட்டு ஒரு வேரைத் தடவிக்கொண்டே போனார். முழங்கை நீளத்துக்கு வெள்ளை வேர் ஒடியாமல் வெளியே வந்தது. “வெட்டக்கூடாது கண்ணு, இளக்கிவிட்டு உருவோணும்” என்றார். நான் ஒடித்துப் போட்டிருந்த துண்டு ஒன்றை, சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, எடுத்துவந்து சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் மண்ணில் புதைத்துவைத்தார். இரண்டே வாரத்தில் அதிலிருந்து சிவந்த முளை ஒன்று சுருண்டு எழுந்தது. அதைப் பார்த்த பிறகு மண்வெட்டியால் கொத்தக் கை வரவில்லை. நான்கு பல் ஃபோர்க்கைக் காலால் மிதித்து இறக்கி, மண்ணை லேசாகத் தூக்கி இளக்கிவிட்டுக் கையால் உருவுவதுதான் முறை. உருவிய வேரைக் கம்போஸ்ட்டில் போடாதீர்கள். மூடி போட்ட வாளியில் தண்ணீரில் ஊறவிட்டு, நன்றாக அழுகிய பிறகு போடலாம்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அத்தை களையெடுக்கும் போட்டோவைக் குடும்பக் குழுவில் போட்டேன். ‘வயசான காலத்தில் அவங்களைக் கூலிக்காரி மாதிரி ஆக்கிட்டியே’ என்று ஒருவர், ‘மண்வெட்டி பிடிக்கத்தான் ஃபாரின் போனீங்களா’ என்று இன்னொருவர். அத்தை அந்தப் போட்டோவை எடுத்துவிடச் சொன்னார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தக் களைக்கூலிதான். அது தெரிந்தவர்கள்தான் இப்படி எழுதினார்கள். அவர் வெட்கப்பட வேண்டிய விஷயம் இதில் என்ன இருக்கிறது? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. போட்டோவை நான் நீக்கவும் இல்லை.

சரி, நிலத்துக்கு வருகிறேன்.

முழு நிலத்தையும் ஒரே வருடத்தில் மீட்க நினைக்காதீர்கள். நாங்கள் கால் பங்கை மட்டும் கையால் சுத்தம் செய்தோம், மிச்சத்தை மூடிவிட்டோம். வெளிச்சம் புகாத கனமான கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, ஓரங்களில் கல். கௌச், பைண்ட்வீட் என்றால் ஒரு முழுப் பருவமாவது மூடியிருக்க வேண்டும், பைண்ட்வீட் அதையும் தாண்டி வரும். பழைய கம்பளம் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பல இடங்களில் தடை. எங்களுக்கு முன்னால் இருந்தவர் போட்ட கம்பளம் மண்ணுக்குள் புதைந்து, புல் அதன் நூல்களுக்குள் கோத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. அதை அறுத்து எடுக்கவே இரண்டு வார இறுதி போனது. கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த கம்பி எல்லாம் கூடவே வந்தன. கனமான கையுறை வாங்குங்கள், டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

சாதாரணப் புல் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டி மூடாக்கு நன்றாக வேலை செய்தது. டேப்பையெல்லாம் உரித்துவிட்டு, அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, நனைத்து, மேலே நான்கைந்து அங்குலம் கம்போஸ்ட். கறுப்பு விரிப்பிலும் அங்கங்கே ஓட்டை போட்டுப் பூசணிக் கன்று வைத்தோம், மே கடைசியில், பனி பயம் போன பிறகு. ஆகஸ்டில் விரிப்பே தெரியாத அளவுக்குக் கொடி ஓடிவிட்டது.

தொழு உரம் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. குதிரைச் சாணம் இலவசமாகக் கிடைத்தது என்று ஒரு வண்டி இறக்கினோம். பீன்ஸ் இலையெல்லாம் சுருண்டு விரல் மாதிரி குவிந்துவிட்டது. புல்வெளிக்கு அடிக்கும் அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி, குதிரையின் வயிற்றைத் தாண்டியும் சாணத்தில் தங்கும். இப்போதெல்லாம் சாணத்தைக் கொஞ்சம் மண்ணோடு கலந்து தொட்டியில் பீன்ஸ் விதை போட்டுப் பார்த்த பிறகுதான் நிலத்தில் இறக்குகிறோம்.

முள்புதரை, அதாவது பிராம்பிளை, இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அதற்குள் குருவி கூடு கட்டியிருக்கலாம், கூட்டைக் கலைப்பது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விரிப்பைத் தூக்கும்போது வழவழவென்று செம்பு நிறத்தில் பாம்பு மாதிரி ஒன்று கிடந்தால் அடித்துவிடாதீர்கள். அது ஸ்லோ வோர்ம், கால் இல்லாத பல்லி வகை, நம் கீரையை அழிக்கிற நத்தைகளைத் தின்னும். அதைக் கொல்வதும் அதே சட்டத்தில் வரும்.

இன்னொன்று. ஜூன் மாதம் எங்களுக்கு ‘பயிரிடப்படவில்லை’ என்று நோட்டீஸ் வந்தது. முக்கால் நிலம் கறுப்பு விரிப்பில் இருந்ததுதான் காரணம். அத்தை வெயிலில் உட்கார்ந்து உருவிய நிலத்துக்கா இந்தக் கடிதம் என்று அழுதே விட்டேன். பிறகு என் கணவர் தேதி போட்ட போட்டோக்களோடு, எந்தப் பகுதியை எப்போது திறப்போம் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினார், ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் மூடுவதற்கு முன்பே அப்படி எழுதி அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்துவையுங்கள்.

எங்களுக்கு இது ஐந்தாவது வருடம். பின்பக்கம் இன்னும் இரண்டு பாத்தி அகலத்துக்கு விரிப்பு கிடக்கிறது, வரும் மார்ச்சில் திறப்போம். முன்பக்கம் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, அத்தை கேட்டுக்கேட்டு வாங்கிய பீட்ரூட். தினமும் வீடியோ காலில் அந்தப் பாத்தியைக் காட்டச் சொல்கிறார். நேற்று பீட்ரூட்டுக்கு நடுவில் ஒரு சிவந்த முளையைப் போனிலேயே பார்த்துவிட்டு, “அந்தா, இடது பக்கம், உருவு” என்றார்.