அழுக்கு ஜெர்சியும் கலைதானா?

கேள்வி: எங்கள் கால்பந்து கிளப் பீரோவில் கிடக்கும் பழைய ஜெர்சி, பேனர், போட்டோக்களை வைத்துக் கண்காட்சி போடலாம் என்றேன். 'இதெல்லாம் கலையா?' என்று சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: போடுங்கள். சிரித்தவர்கள்தான் முதலில் வந்து தங்கள் முகத்தைத் தேடுவார்கள்.

இருபத்தெட்டு வருஷம் பத்திரிகைக்குக் கால்பந்துப் படம் எடுத்தவன் நான். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் குந்தியபடி, பெரிய லென்ஸில் ஒரு பந்து, நாலு கால், ஒரு கத்தும் வாய். இப்போது எடுத்துப் பார்த்தால் எந்த ஊர் ஆட்டம் என்று எனக்கே தெரியவில்லை. நெதர்லாந்தின் புகைப்படக்காரர் ஹான்ஸ் வான் டெர் மேர் இதற்கு நேர்மாறு. 1990களில் தொடங்கி, கடைநிலை லீக் ஆட்டங்களாகத் தேடிப் போனார். தள்ளி, கொஞ்சம் உயரத்தில் நின்று எடுத்தார். ஆட்டக்காரர்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான். பந்தைத் தேட வேண்டும். ஆனால் பின்னால் மலையும் வீடுகளுமாக ஊரே நிற்கும். உங்கள் பீரோவிலும் அப்படி மைதான ஓரம் விழுந்த படங்களை முதலில் பொறுக்குங்கள். கோப்பையோடு நிற்கும் குரூப் போட்டோ எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

துணிக்கு வருவோம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டை அமெரிக்கப் பணக்காரக் கிளேசர் குடும்பம் வாங்கியது பிடிக்காமல் வெளியேறிய ரசிகர்கள், 2005இல் எஃப்.சி. யுனைடெட் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு. 'சேர்ப்பது நண்பர்களை, கோடீஸ்வரர்களை அல்ல' என்பது அவர்கள் பேனர் வாசகம். கிழக்கு லண்டன் கிளாப்டன் கம்யூனிட்டி கிளப், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்று சண்டையிட்ட சர்வதேசப் படையினர் நினைவாக, 2018இல் அந்தக் குடியரசுக் கொடியின் சிவப்பு, மஞ்சள், ஊதாவில் ஜெர்சி போட்டது. சில நூறு போகும் என்று நினைத்த சின்ன கிளப்புக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர், பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்தே!

ஜெர்சியின் மண்கறையைத் துவைத்துவிடாதீர்கள். ரப்பர் நம்பர் மேல் இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. போட்டோவின் பின்பக்கம் பெயர் எழுத பென்சில் போதும். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பேனரைத் தைத்தது யார் என்று விசாரியுங்கள், அநேகமாக யாரோ ஒரு ஆட்டக்காரரின் அம்மா. அவர் பெயரையும் கீழே எழுதிவையுங்கள்.

வாசலில் மட்டும் தயவுசெய்து ஃப்ளெக்ஸ் கட்டாதீர்கள்.