குவேக்கர் முறைத் திருமணம் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: பர்மிங்ஹாமில் பணிபுரியும் என் மகள், குவேக்கர் சபையைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயரை அவர்கள் முறைப்படி மணக்க இருக்கிறாள். பாதிரியார் கிடையாது, எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள் என்கிறார்கள். இது செல்லுமா? அவள் மதம் மாற வேண்டுமா?

பதில்: செல்லும், மதம் மாற வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய இந்தக் கிறிஸ்தவ இயக்கம், இறைவனின் ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருப்பதால் இடையில் குருமார் தேவையில்லை என்று நம்புகிறது. ஆகவே வழிபாடு மௌனத்தில் நடக்கிறது. உள்ளத்தில் உந்துதல் பெற்ற எவரும் எழுந்து பேசலாம். திருமணமும் அத்தகைய கூட்டம்தான். மணமக்கள் எழுந்து நின்று ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தாங்களே உறுதி கூறுவார்கள். இணைத்து வைப்பவர் இறைவன், கூடியிருப்போர் சாட்சிகள் என்பது அவர்கள் கொள்கை. திருமணங்களை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை) ஆலயங்களுக்குள் கட்டுப்படுத்திய 1753ஆம் ஆண்டுச் சட்டமே குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்கு அளித்திருந்தது.

உங்கள் மகள் உறுப்பினர் அல்லர் என்பதைத்தான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வெளியாரை மணந்த குவேக்கர் சபையிலிருந்தே நீக்கப்பட்டார். எண்ணிக்கை சரிந்த பிறகே விதி தளர்ந்தது. மணமக்களில் ஒருவர் உறுப்பினராக இருந்தால் போதும் என்று 1860ஆம் ஆண்டுச் சட்டமும், இருவருமே உறுப்பினர் அல்லாவிட்டாலும் சபை இசைந்தால் மணக்கலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சட்டமும் வழிவிட்டன. இன்றும் அதுவே நிலை. ஆனால் இதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது. சபையின் பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்து, அவளை அறிந்த உறுப்பினர்களின் எழுத்துமூலமான ஆதரவையும் சபையின் இசைவையும் பெற வேண்டும். மண்டபமும் விமானச் சீட்டும் அதற்குப் பிறகுதான்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. திருமணம் முடிந்ததும் சிறுவர் உட்பட அனைவரும் கையெழுத்திடும் அழகிய பெரிய சான்றிதழ் ஒன்று உண்டு. அது சபையின் ஆவணமேயன்றி அரசு ஆவணம் அன்று. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்துச் சுவரில் மாட்டிவிட்டு, விசாவுக்கும் அதையே நீட்டி அலைக்கழிபவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மணமக்கள் இருவரும் முன்கூட்டியே அரசுப் பதிவு அலுவலகத்தில் நேரில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காத்திருப்பு 28 நாள்கள். குடியேற்ற விசாரணைக்கு எடுத்துக்கொண்டால் 70 நாள்கள் வரை நீளும். அங்கு தரப்படும் திருமணப் படிவத்தில் மணநாளன்று கையெழுத்திட்டு, அதைத் திருப்பிச் சேர்த்துப் பதிவு செய்த பிறகு கிடைக்கும் சான்றிதழே செல்லும்.

மதமாற்றச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், காத்திருப்பைக் குறைக்கிறேன் என்று வரும் தரகர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். குவேக்கர்களிடம் ஞானஸ்நானச் சடங்கே கிடையாது. அப்படியிருக்க, அந்தச் சான்றிதழை யார் தருவார்கள்? திருமணம் நடத்தி வைக்கவும் அவர்கள் கட்டணம் பெறும் குருமார் எவரையும் வைத்திருப்பதில்லை.

நம் ஊர் அலுவலகங்களோ, பாதிரியார் கையெழுத்து எங்கே என்று கேட்டு விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புகின்றன. நாடே ஏற்றுக்கொண்ட ஒரு திருமணத்தை ஒரு மேசை மறுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் அரசுச் சான்றிதழின் படிகள் இரண்டை வாங்கி, பிரிட்டன் வெளியுறவுத் துறையிடம் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்குச் சான்றளிக்கும் முத்திரை) பெற்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.