தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராஜஸ்தானின் சோலார் பூங்காக்கள் ஊரைக் கேட்காமலே மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொள்கின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். குழப்பமாக இருக்கிறது. அனல்மின் நிலையம் வேண்டாம், அணு உலை வேண்டாம் என்று இத்தனை வருடம் எழுதினீர்கள். இப்போது சோலார் வந்தால் அதிலும் குறை சொல்கிறீர்கள். 2030இல் எட்ட வேண்டிய இலக்கை ஐந்து வருடம் முன்னதாகவே நாடு எட்டிவிட்டது, அதைப் பாராட்ட ஒரு வரி இல்லை. மத்தியில் வேறு கட்சி இருந்தால் இப்படி எழுதுவீர்களா? கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாமாவின் பன்னிரண்டு ஏக்கர் கரிசலைச் சோலாருக்குக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறார்கள். மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் போட்டு ஓய்ந்துபோன மனிதர். கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். தப்பா?

கு., கோவில்பட்டி

அன்புள்ள கு.,

தப்பில்லை. நிலம் மாமாவுடையது, முடிவும் அவருடையது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பாராட்டு. 2014இல் மூன்று ஜிகாவாட்டுக்கும் குறைவாக இருந்த சூரிய மின்சக்தி இன்று நூறு ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது. இது பெரிய காரியம், யார் செய்தாலும் பெரிய காரியம், இதை நான் மனசாரச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் இலக்கு நிறுவுதிறன் பற்றியது, அதாவது எல்லா நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தர முடியும் என்பது. நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதவற்றிலிருந்து வருகிறது என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அது உண்மைதான். அதே வருடம் நாம் உண்மையில் எரித்த மின்சாரத்தில் எழுபது சதவீதம் அளவு நிலக்கரியிலிருந்து வந்தது, அதுவும் உண்மை. ஆடியில் சுழலும் ஆரல்வாய்மொழிக் காற்றாலை ஐப்பசியில் நிற்கிறது, சோலார் பலகை மாலை ஆறு மணிக்குப் படுத்துவிடுகிறது. எத்தனை பானை வாங்கி வைத்திருக்கிறோம் என்பது ஒரு கணக்கு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது வேறு கணக்கு.

அப்புறம் கட்சி. இந்த விஷயத்தில் நான் கட்சிகளின் பேச்சைக் கேட்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. அரசிதழைத்தான் பார்க்கிறேன். ஒன்றைச் சொல்கிறேன், யாருக்கு எதிராக எழுதுகிறேன் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 2010இல் காங்கிரஸ் கூட்டணி அரசு நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது தனிக் காரியத்துக்கான கூடுதல் வரி, போட்டது. தூய ஆற்றலுக்கென்று ஒரு நிதியம், அதற்கு இந்தப் பணம். அருமையான யோசனை. பாஜக அரசு வந்து அதை 2016க்குள் 400 ரூபாயாக உயர்த்தியது, அதையும் நான் வரவேற்றேன். ஆனால் பணம் எங்கே போனது? 2010 முதல் 2017 வரை வசூலானது சுமார் 86,000 கோடி, அந்த நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த 400 ரூபாய் அப்படியே மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாறிவிட்டது. ஜிஎஸ்டி கவுன்சில் மேசையில் எல்லா மாநிலங்களின் நிதியமைச்சர்களும், அதாவது ஏறக்குறைய எல்லாக் கட்சியும், உட்கார்ந்திருந்தன. கடைசியாக 2025 செப்டம்பர் 22 முதல் அந்த செஸ்ஸும் போய்விட்டது. பதிலுக்கு ஜிஎஸ்டியை 5இலிருந்து 18 சதவீதம் ஆக்கினார்கள். டன் 1,500 ரூபாய் விற்கும் சாதாரண நிலக்கரிக்கு முன்பு 475 ரூபாய் வரி, இப்போது 270. சூரியனைப் பற்றி மேடையில் பேசிய அதே வருடத்தில், அனல்மின் நிலையங்கள் அதிகம் எரிக்கும் மலிவான கரி இன்னும் மலிவானது. தேர்தலில் இதைப் பற்றி யாராவது ஓட்டுக் கேட்டு வந்தார்களா?

நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டைஆக்சைடு விஷயமும் இப்படித்தான். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு 2015 டிசம்பரில் வரம்பு கொண்டுவந்தார்கள், இரண்டு வருடக் கெடு. கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் நாட்டின் முக்கால்வாசி நிலையங்களுக்குமேல் விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம்முடைய கரியில் கந்தகம் குறைவு, கருவி பொருத்தினால் மின்கட்டணம் ஏறும் என்பது அரசின் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சம் பேர் வாழும் நகரத்துக்கோ பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு விலக்கு இல்லை, கிராமத்துப் பக்கம் இருப்பவற்றுக்கு உண்டு என்று பிரித்திருக்கிறார்களே, அதுதான் நெஞ்சில் குத்துகிறது. மாநிலத்தை மட்டும் விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். அரசு அனல்மின் நிலையத்தின் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் கொட்டியது எந்தத் திராவிடக் கட்சி ஆண்டபோதும் நிற்கவில்லை.

சரி, சோலாருக்கு வருவோம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி ஒரு பெரிய அனல்மின் நிலையம் வர வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, கலெக்டர் தலைமையில் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, வீடியோவும் எடுத்தாக வேண்டும். சோலார் பூங்காவும் காற்றாலையும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை, எதற்குக் கேட்பது என்ற எண்ணம். ஆனால் அவை கேட்பது நிலம். கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா. விவசாயிகளிடம் நிலத்தை வாங்காமல் ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய்க்குக் குத்தகை எடுத்தார்கள். வறண்ட பூமிக்கு நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காசு பட்டா வைத்திருந்தவருக்கு வந்தது. அதே நிலத்தில் களை எடுத்துக் கூலி வாங்கியவருக்கு எதுவும் வரவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஜெய்சல்மேரில் ஊர்ச் சாமிக்கு விட்ட மேய்ச்சல் காடுகள் உண்டு, ஓரண் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு கிளையைக்கூட வெட்டாத இடம், வருவாய்ப் பதிவேட்டில் பலவற்றுக்கும் பெயர் தரிசு. தரிசு என்று எழுதினால் கொடுப்பது சுலபம். அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் என்ற பெரிய பறவை அங்கே இருக்கிறது, மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2024இல் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று தளர்த்தி ஒரு குழுவிடம் விட்டது. நீதிபதிகள் எதிரெதிர் பக்கத்தில் நின்று சண்டை போட்ட விஷயமில்லை இது. பறவையும் வேண்டும், மின்சாரமும் வேண்டும் என்ற நிஜமான இக்கட்டு. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது என்பதுதான் என் கட்சி.

உங்கள் பக்கத்துக்கு வாருங்கள். அறுப்பு முடிந்த கரிசலில் கிடை போட்டு, ஊர் ஊராக ஆட்டை ஓட்டிப் போகும் கீதாரிகள் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வேலி போட்ட மறுநாள்தான் அவர்களுக்கு விஷயமே தெரியும். கருத்துக்கேட்புக் கூட்டம் என்று ஒன்று இருந்தால், எவ்வளவு ஒப்புக்கு நடந்தாலும், எழுந்து நின்று சொல்ல அவர்களுக்கு ஒரு இடம் இருக்கும். அதைத்தான் கேட்கிறேன். சோலாரை நிறுத்தச் சொல்லவில்லை.

இனி மாமா. குத்தகை இருபத்தைந்து வருடத்துக்குக் குறையாமல் கேட்பார்கள். வருடாவருடம் எவ்வளவு ஏற்றம் என்பது பத்திரத்தில் எண்ணாக இருக்க வேண்டும், வாய்வார்த்தை வேண்டாம். குத்தகை உரிமையை வங்கியில் அடமானம் வைக்கவும் வேறு கம்பெனிக்கு மாற்றிவிடவும் ஒரு வரி இருக்கும், மாற்றினால் வாடகைக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். காலம் முடிந்தால் பலகையையும் கான்கிரீட்டையும் தோண்டி எடுத்து நிலத்தைப் பழையபடி விடுவது யார் செலவு? மூலப்பத்திரத்தைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம். புல வரைபடத்தை எடுத்து ஓடையும் கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலும் எங்கே வருகிறதென்று பாருங்கள், வேலி அதைத் தாண்டக் கூடாது. வழக்கமாக அந்தக் காட்டில் கிடை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி, ஆடு போக எந்தப் பக்கம் வழி விடலாம் என்று இப்போதே கேட்டு வையுங்கள். வரைவுப் பத்திரம் கைக்கு வந்ததும் அனுப்புங்கள், நானும் படித்துப் பார்க்கிறேன்.